ஊரார் தட்டு

அமிர்தசரஸ் பொற்கோயிலில் பாத்திரம் கழுவினேன் என்று கொல்லிமலைச் செம்மேடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் சொல்லாத ஆளில்லை. சொன்னதில் பொய் எதுவும் கிடையாது. வீட்டில் நான் தின்ற தட்டை ஒருநாளும் நான் கழுவியதில்லை என்பதைத்தான் விட்டுவிட்டேன்.

அங்கே நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். லங்கர் என்கிற அன்னக்கூடத்தில் தினமும் பல்லாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். தலையை மூடிக்கொண்டு தரையில் ஒரே வரிசை. கார்க்காரருக்குத் தனிப் பந்தி கிடையாது. ரொட்டிக்கு நான் ஒரு கையை நீட்டினேன். பரிமாறியவர் போடவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் என் இன்னொரு கையையும் இழுத்துச் சேர்த்துவைத்த பிறகுதான் ரொட்டி விழுந்தது. அது பிரசாதம், ஏந்தித்தான் வாங்கவேண்டும்.

வெளியே வந்தால் எவர்சில்வர் தட்டுகளின் சத்தம் காதைக் கிழித்தது. நீளத் தொட்டியின் இருபுறமும் ஆணும் பெண்ணுமாக முழங்கைவரை நுரையோடு நின்றார்கள். மார்கழிக் குளிர். நானும் புகுந்து, யார் யாரோ தின்ற எச்சில் தட்டுகளை முகம் சுளிக்காமல் தேய்த்தேன். கூட வந்தவரிடம் செல்போனைக் கொடுத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

சீக்கியர்களுக்கு அடுப்படி வேலை மட்டமானதல்ல. இரண்டாம் குரு அங்கத்தின் மனைவி மாதா கீவி லங்கரை முன்னின்று நடத்தியவர். அவர் கொடுத்த நெய்ப் பாயசம் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபிலேயே பேசப்படுகிறது. தப்புச் செய்தவர்களுக்குச் சீக்கியர்களின் தலைமைச் சமய பீடமான அகால் தக்த் விதிக்கும் தண்டனையும் பெரும்பாலும் இதே பாத்திரம் கழுவல், செருப்புத் துடைப்புதான். 1991இல் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க அறிக்கை தர மறுத்தாரே, அப்போது நம் கவர்னராக இருந்த சுர்ஜித் சிங் பர்னாலா, அவரும் அதைச் செய்தவர்தான். பஞ்சாப் முதல்வராக இருந்தபோது அகால் தக்த் கட்டளையை மீறியதற்காக, 1988இல் கழுத்தில் அட்டையோடு நின்று தப்பை ஒப்புக்கொண்டார், பக்தர்களின் செருப்பைத் துடைத்தார். பஞ்சாபில் அவர் முகம் தெரியாதவர் யார்?

என்னை அமிர்தசரஸில் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக இருந்தது. எங்கள் வீட்டுக் குழாய் தெருவைப் பார்த்து இருக்கிறது. அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எதிர்வீட்டுத் திண்ணையில் இருப்பவர் பார்ப்பார், அம்மா பதறிக்கொண்டு ஓடிவருவாள், மனைவிக்கு உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் கேட்பார்கள். இந்த வெட்கத்தைத்தான் இத்தனை வருஷமாக ‘நேரமில்லை’ என்று சொல்லிவந்திருக்கிறேன். எச்சில் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது அங்கேயே தெரிந்துபோயிற்று.

போட்டோவை மனைவியிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் தேய்க்கறீங்க. நம்ம குழாயடியில உக்காருங்க, இன்னொண்ணு நான் எடுக்கறேன்” என்றாள்.

கொல்லிமலைத் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன்.