கல்யாணப் பத்திரிகைக்கு இன்னொரு வேலை

விருதுநகரில் எண்ணெய் பரோட்டாவை ஒரு கை பார்த்துவிட்டு பஸ் ஏறினால், திருத்தங்கல் தாண்டியதும் சிவகாசி. பட்டாசுக் கடை போர்டுகளுக்கு நடுவே வரிசையாக அச்சகங்கள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த ஊர், இன்று காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் ஊரூராக அனுப்புகிறது.

தாலி கட்டியாச்சு, மாப்பிள்ளையின் லீவு முடியப்போகிறது. புதுப்பெண் எப்போது கிளம்புவது? முதல் படி, அதே பத்திரிகையோடு சார்பதிவாளர் அலுவலகம். தமிழ்நாட்டின் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். கெடு 90 நாள். அவர் விமானம் ஏறுவதற்குள் முடித்துவிடுவது நல்லது.

பிறகுதான் விசா. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவிக்கு டிபென்டன்ட் பாஸ் எடுக்க முடியாது. பெண் பார்க்கும்போதே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது. எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ இருந்து, மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி என்றால் வழி திறக்கும். ஆனால் அந்தப் பாஸை மட்டும் வைத்து மனைவி வேலைக்குப் போக முடியாது. 2021 மே முதல் அவருக்கே தனி வேலை அனுமதி வேண்டும். துபாய்க்கு 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000-உம் தங்குமிடமும். விசிட் விசாவில் போனால் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான்.

பத்திரிகை ப்ரூஃப் வரும்போது பெண் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையார் படத்தை அல்ல. பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று.