அச்சுக்குப் போகும் நாளில் விழும் டாக்

டிசம்பர் 4

இன்றைக்கும் டாக் போய்விட்டது. திரையின் அடியில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஸ்கிரைபஸ், கிம்ப், லிப்ரேஆபீஸ் எல்லாம் கண்ணெதிரே காணாமல் போயின. பிழைச் செய்தி என்று ஒன்றும் வரவில்லை. திறந்து வைத்திருந்த பக்க வடிவமைப்புக்குச் சேதமில்லை. மெனுவில் போய் பிளாங்க் என்ற அந்த டாக்கைத் தேடி எழுப்பினால், எதுவுமே நடக்காததுபோல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த அப்பாவித்தனம்தான் எரிச்சலைக் கிளப்புகிறது.

பதிப்பகத்துக்கு டிசம்பர் பொல்லாத மாதம். பொங்கலை ஒட்டி வரும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் முடிய வேண்டிய தலைப்புகள் எல்லாம் ஒன்றாக மேசையில் விழும். "அக்கா, அதைத் தூக்கிட்டு வேற டாக் போட்ருங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றான் அட்டை வடிவமைக்கும் தம்பி. காரணம் தெரியாமல் ஆளை மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போடப்போகும் டாக் மட்டும் விழாது என்று யார் சொன்னது?

டிசம்பர் 5

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அமைப்புகளை ஆராய்ந்தேன். ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள் பிளாங்குக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள், டாக்கில் குத்தி வைத்த ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு குட்டிக் கோப்பு. ஒன்றைத் திறந்து பார்த்தால் இரண்டு மூன்று வரிதான்: இது பிளாங்க் தானாக எழுதியது என்று ஒரு குறிப்பு, ஒரு தலைப்பு, எந்த டெஸ்க்டாப் கோப்பைத் திறக்க வேண்டும் என்ற முகவரி. கெட்டுப்போவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஆனாலும் ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இம்மாதிரி வேலையில் அழிப்பது மடத்தனம். பெயர் மாற்றினால் திரும்பி வர வழி இருக்கும்.

மாலையில் மறுபடி விழுந்தது. பழைய ஃபோல்டரையே திரும்ப வைத்துவிட்டேன்.

டிசம்பர் 8

மெனுவிலிருந்து தொடங்கினால் புரோகிராம் சாகும்போது சொல்லும் கடைசி வார்த்தை யார் காதிலும் விழாது. அதனால் டெர்மினலைத் திறந்து அங்கிருந்து ஓட்டினேன். அடுத்த முறை விழுந்ததும் டெர்மினலில் 'பஸ் எரர்' என்று ஒற்றை வரி. வெளியேறிய எண்ணைக் கேட்டால் 135.

இந்த எண்ணுக்குக் கணக்கு உண்டு. ஒரு சிக்னலால் கொல்லப்பட்ட புரோகிராமுக்கு ஷெல், 128-உடன் அந்தச் சிக்னலின் எண்ணைக் கூட்டிச் சொல்லும். வழக்கமாக எல்லோரும் பார்ப்பது 139, அதாவது 11-ஆம் சிக்னல், செக்மென்டேஷன் ஃபால்ட். எனக்கு வந்ததோ 7. செக்ஃபால்ட் என்றால் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டது என்று பொருள். பஸ் எரர் வேறு வகை: முகவரி தன்னுடையதுதான், ஆனால் அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய சரக்கு இல்லை. கெர்னல் பதிவிலும் தேடினேன். செக்ஃபால்ட்டாக இருந்தால் அங்கே ஒரு வரி பதிவாகியிருக்கும். ஒன்றும் இல்லை.

டிசம்பர் 9

ரேம் பழுதாக இருக்கலாம் என்று வீட்டில் கணவர் சொன்னார். கம்ப்யூட்டரில் எது நடந்தாலும் அவர் ரேம் என்பார். இருந்தாலும் நேற்று இரவு மெம்டெஸ்ட் ஓடவிட்டு வந்தேன். காலையில் பிழை ஏதும் காட்டவில்லை.

டிசம்பர் 10

செத்த புரோகிராமின் நினைவகத்தை அப்படியே பிடித்து வைக்கும் கோர் டம்ப் வசதி, என் மெஷினில் இருக்கும் டெபியன் லினக்ஸில் தானாக வராது. சிஸ்டம்டி-கோர்டம்ப் என்ற பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும். போட்டாயிற்று. இனி விழட்டும் என்று காத்திருந்தால், விழ மாட்டேன் என்கிறது.

காத்திருக்கும்போது டாக்கின் பூர்வீகத்தை அசைபோட்டேன். 1989-இல் நெக்ஸ்ட்ஸ்டெப்பில் திரையின் வலது ஓரமாக நின்றது. 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது அடிப்பக்கம் இறங்கி உலகப் புகழ் பெற்றது. லினக்ஸில் க்னோம் டூ என்ற கருவியிலிருந்து டாக்கி பிரிந்தது. அந்த வழியில் வந்த எளிய டாக்தான் வாலா மொழியில் எழுதிய பிளாங்க். கே.டி.இ.காரர்கள் கொண்டாடிய லாட்டே டாக்கை அதை உருவாக்கியவரே 2022-இல் கைவிட்டு விலகினார். எலிமென்டரி ஓஎஸ் வெகுகாலம் பிளாங்கை வைத்திருந்து, 2024-இல் வந்த 8-ஆம் பதிப்பில் வேலேண்ட் என்ற புதிய திரைக் கட்டமைப்புக்காகப் புதிய டாக் ஒன்றுக்கு மாறியது. பிளாங்க் பழைய கட்டமைப்பான எக்ஸ்11-ஐ நம்பி வாழ்வது. தம்பி சொன்ன "வேற டாக்" அவ்வளவு சுலபமாகக் கடையில் கிடைக்கும் சரக்கு இல்லை.

டிசம்பர் 15

வரலாற்று நூல் இன்று அச்சகத்துக்குப் போனது. அடுத்த புத்தகத்தின் ஃபைலைத் திறந்தேன், டாக் விழுந்தது. அதே நொடியில் துனாரும் மூடிக்கொண்டது. ஃபைல் மேனேஜர் ஏன் சாக வேண்டும்?

டம்ப் பட்டியலில் இரண்டும் இருந்தன, இரண்டுக்கும் ஒரே சிக்னல். இது டாக்கின் நோய் இல்லை என்று அப்போதே உறுதியாகிவிட்டது. டாக் காலையிலிருந்து மாலை வரை ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் அடி அதன்மேல் அடிக்கடி விழுகிறது, அவ்வளவுதான். துனாரை நான் திறப்பதும் மூடுவதுமாக இருப்பேன். முன்பு அது காணாமல் போயிருந்தாலும் நானே மூடியிருப்பேன் என்று நினைத்திருப்பேன்.

இன்னொன்றும் உறைத்தது. நாட்குறிப்பைப் புரட்டினால், டாக் விழுந்த நாளெல்லாம் ஏதாவது ஒரு புத்தகம் அச்சுக்குப் போன நாள். டம்ப் வசதியைப் போட்டபின் இன்றுவரை எதுவும் போகவில்லை, டாக்கும் விழவில்லை.

டிசம்பர் 16

ஜிடிபி என்ற டீபக்கரில் டம்ப்பைத் திறந்து, எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசையைக் கேட்டேன். இரண்டு புரோகிராமிலும் உச்சியில் நின்றது ஜிடிகே நூலகத்தின் ஐகான் கேஷ் பகுதி.

ஆயிரக்கணக்கான ஐகான்களை ஒவ்வொன்றாக டிஸ்க்கில் தேடினால் நேரமாகும் என்று ஜிடிகே, ஐகான் தீமுக்கு ஒரு கேஷ் கோப்பு வைத்திருக்கிறது. அதை முழுதாகப் படித்து நினைவகத்தில் நகலெடுப்பதில்லை. எம்மேப் முறையில் கோப்பையே நினைவகத்தோடு கோத்துக்கொள்கிறது. புதிய ஜன்னல் ஒன்று திறக்கும்போது அதற்கான ஐகானைத் தேட டாக் அந்தக் கேஷைத் தொடும். தொடும் நேரத்தில் யாராவது அதே கோப்பைக் காலி செய்திருந்தால்? பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டும்போது ஒருவன் அந்த ஃபாரத்தையே உருவிக்கொண்டு போனதுபோல. கெர்னலால் காட்டப் பக்கம் இல்லை, பஸ் எரர்.

ஊகமாக விடக்கூடாது என்று சோதித்தேன். கேஷுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, அசல் கோப்பின் அளவைச் சுழியமாக்கினேன். டாக் அசையாமல் நின்றது. பிடிஎஃப் வியூவரைத் திறந்தேன். டாக் மறைந்தது. நகலை வைத்துச் சரிசெய்து, டாக்கை எழுப்பி, திரும்பச் செய்தேன், திரும்ப மறைந்தது. இத்தனை நாள் அலைக்கழித்த ஒன்றை நினைத்த நேரத்தில் கொல்ல முடிவதில் ஒரு குரூரமான திருப்தி இருக்கத்தான் செய்கிறது.

டிசம்பர் 17

யார் காலி செய்கிறார்கள் என்பதற்குத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் ஃபோல்டருக்கும் அதன் அட்டையையே ஐகானாக வைப்பது தம்பியின் ஏற்பாடு. அழகான ஏற்பாடுதான், எங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். புத்தகம் அச்சுக்குப் போனதும் அந்த அட்டையை எடுத்துவிட்டு அடுத்ததைச் சேர்ப்பான். மூலையில் இருக்கும் சர்வரில் தீம் மாறியதும், ஒரு ஸ்கிரிப்ட் அதை வைஃபை வழியாக எல்லா மெஷினுக்கும் இறக்கும். நானும் அதே நேரத்தில்தான் பழைய வேலையை மூடிப் புதியதைத் திறப்பேன்.

ஸ்கிரிப்டில் இருந்தது வெறும் சிபி கட்டளை. ஏற்கெனவே இருக்கும் கோப்பின்மேல் நகலெடுக்கச் சொன்னால் சிபி முதலில் அந்தக் கோப்பையே காலியாக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும். எங்கள் வைஃபைக்கு, பல எம்பி உள்ள கேஷ் வந்து நிரம்பச் சில நொடிகள் பிடிக்கும். அதற்குள் கை வைத்தவர் காலி. கேஷ் இருக்கும் மேல் அடைவில் புதுப் பெயர் எதுவும் சேராததால் அந்த அடைவின் தேதியும் மாறாது. அந்தத் தேதியைப் பார்த்துத்தான் தீம் மாறியதை ஜிடிகே தெரிந்துகொள்கிறது. அதற்கு எச்சரிக்கையே போவதில்லை.

"அப்போ ஜிடிகே மேல தப்பு இல்லையா அக்கா?" என்று கேட்டான். ஜிடிகேயின் சொந்தக் கருவி கேஷை உருவாக்கும்போது வேறு பெயரில் முழுதாக எழுதி முடித்து, கடைசியில் பெயரை மாற்றி வைக்கிறது. அப்படிச் செய்தால் பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அவர் விடும்வரை பழையது அழியாது. புதிதாகத் திறப்பவருக்குப் புதியது கிடைக்கும். சர்வரில் அந்தக் கருவி ஒழுங்காகச் செய்ததை ஸ்கிரிப்ட் எங்கள் மெஷினில் கெடுத்தது. சிபி இருந்த இடத்தில் ஆர்சிங்க் போட்டோம். அதுவும் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டு மாற்றும் வகை. இன்பிளேஸ் விருப்பத்தை மட்டும் கொடுத்துவிடக் கூடாது.

டிசம்பர் 22

இந்த வாரம் கவிதைத் தொகுப்பும் இரண்டு நாவலும் அச்சுக்குப் போயின. டாக் நிற்கிறது.

ஸ்கிரிப்டை இன்று மேலிருந்து கீழே படித்தபோது, ஐகானுக்கு அடுத்த வரியிலேயே ஃபான்ட் ஃபோல்டருக்கும் அதே சிபி. ஃபான்ட் கோப்புகளையும் ஃப்ரீடைப் நூலகம் எம்மேப் செய்துதான் படிக்கும். போன மாதம் புதிய தமிழ் எழுத்துரு இறங்கிய அன்று ஸ்கிரைபஸ் இரண்டு பேர் மெஷினில் சொல்லாமல் மூடிக்கொண்டது. அன்றைக்கு டம்ப் எடுக்கும் வசதி இல்லை. தம்பியைக் கூப்பிட்டு அந்த வரியையும் மாற்றச் சொல்லிவிட்டேன். எல்லா மெஷினிலும் கோர் டம்ப் பேக்கேஜைப் போடும் வேலையையும் அவனிடமே கொடுத்திருக்கிறேன்.