ஆரஞ்சு மோகமும் தாத்தாவின் ஹெர்குலிஸும்

பழைய ரேஸ் சைக்கிளைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஆரஞ்சு கலர் மேல் தனிக் கிறுக்கு உண்டு. காரணம் எடி மெர்க்ஸ். இந்த பெல்ஜியம்காரர் 1972 அக்டோபர் 25 அன்று மெக்ஸிகோ சிட்டியில் ஒரே மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டினார், ஆரஞ்சு சைக்கிளில். அதன் எடை 6 கிலோவுக்கும் குறைவு! பிரஸ்ஸல்ஸில் அவர் பெயரிலேயே உள்ள மெட்ரோ ஸ்டேஷனில் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

எனக்கும் ஆசை வந்தது. மயிலாப்பூர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தாத்தாவின் ஹெர்குலிஸ் சும்மாதானே கிடக்கிறது? 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி, அம்பத்தூரில் செய்தது. ஆரஞ்சு அடித்தால் அடையாறு வரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே!

சைக்கிள் கடை அண்ணன் ஒன்றுதான் கேட்டார். "பெயின்டைச் சுரண்டிட்டா பழசு திரும்ப வராது தம்பி. வீட்ல கேட்டியா?"

கேட்டேன். தாத்தா மறுக்கவில்லை. முன் பாரில் பெயின்ட் தேய்ந்து போன இடத்தைத் தடவிக்கொண்டே, "இங்கதான்டா உங்கப்பா உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போவான்" என்றார்.

யோசித்துப் பார்த்தால், மெர்க்ஸின் ஆரஞ்சு அவர் அணியை நடத்திய மோல்டெனி என்ற இத்தாலிய இறைச்சிக் கம்பெனியின் விளம்பரக் கலர். அது அவர் கதை. நம் வீட்டுக் கதை இந்தத் தேய்மானத்தில் அல்லவா இருக்கிறது?

ஓவராயிலிங் மட்டும் செய்தோம். பால்ஸ், காட்டர் பின், செயின் எல்லாம் புதுசு. பெயின்டில் கை வைக்கவில்லை.

லஸ் கார்னரில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஹி ஹி. அப்பா மட்டும் ஒரு ரவுண்டு கேட்டார். சாயந்திரம் கொடுக்கணும்.

உங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில் என்ன இருக்கு?