என்னத்த வெட்டப் போறீக?

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் சாலையில் சிலைமானையும் திருப்புவனத்தையும் தாண்டினால் திருப்பாச்சேத்தி வரும். சிவகங்கை மாவட்டத்தில் வைகையை ஒட்டிய ஊர். 'திருப்பாச்சி அருவா' என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒரு மார்கழிக் காலையில் அங்கே போய் இறங்கியபோது என் பையில் முனை ஒடிந்த மடக்குக் கத்தி ஒன்று இருந்தது.

அந்தக் கத்தியை நான் வாங்கியது அழகுக்காக. முதுகு நேராக வந்து, முனைக்குச் சற்று முன்னால் உள்வாங்கிச் சரிந்து, பருந்தின் அலகுபோலக் கூர்ந்து முடியும். கடையில் பக்கத்திலேயே இன்னொரு கத்தியும் இருந்தது. அதில் வாய் நேர்கோடு. முதுகு மட்டும் வளைந்து இறங்கி வாயைத் தொடும். ஆட்டுக் குளம்பின் சாயல், மொட்டை மூக்கு. மந்தமாகத் தெரிந்ததால் அதை விட்டுவிட்டேன். அலகுக் கத்தி பழம் நறுக்கியது, சணல் அறுத்தது. ஒருநாள் அட்டைப்பெட்டியின் கம்பியை நெம்பியபோது முனை பொட்டென்று போய்விட்டது.

சாணை பிடிப்பவர் யாரிடம் கொடுத்தாலும் சரிசெய்து தருவார். எந்த வடிவம் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. அதைக் கேட்க இந்த ஊரைவிட நல்ல இடம் தோன்றவில்லை.

நான் உட்கார்ந்த பட்டறை ஒரு தகரச் சாய்ப்பு. தரையோடு தரையாக உலை. பக்கத்தில் மரக்கட்டையில் பதித்த பட்டடைக்கல். துருத்தி இருந்த இடத்தில் இப்போது சின்ன மின்விசிறி காற்று ஊதுகிறது. பெரியவர் குறட்டால் இரும்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். எதிரே அவர் மனைவி சம்மட்டியோடு நின்றார். புடவையை இழுத்துச் செருகி, மேலே ஓர் ஆண்சட்டை போட்டிருந்தார்.

இருவரும் வேலை செய்யும்போது பேசிக்கொள்வதே இல்லை. பெரியவரின் சின்னச் சுத்தியல் இரும்பில் ஓரிடத்தைத் தட்டும். அடுத்த கணம் அதே இடத்தில் சம்மட்டி இறங்கும். சுத்தியல் ஒரு விரல் தள்ளித் தட்டினால் சம்மட்டியும் ஒரு விரல் தள்ளி விழும். சுத்தியல் இரும்பை விட்டுக் கல்லில் ஒலித்தால் போதும் என்று அர்த்தம். இப்படித்தான் நீட்டமும் வளைவும் உருவாகின்றன. படமோ அச்சோ கிடையாது. அளவெல்லாம் கண்ணில் இருக்கிறது.

அடிபட்டுக்கொண்டிருந்தது லாரியின் பழைய வில்பட்டை. பல வருடம் பாரம் சுமந்து வளைந்து நிமிர்ந்த எஃகு. அதில் கரிமம் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். சாதாரணக் கட்டுமானக் கம்பியைவிட இது அதிகம். அதனால்தான் நீரில் தோய்த்தால் இந்த எஃகு இறுகுகிறது. உலையில் எரிவது கருவேலங்கரி. அரிவாள் வெட்டப்போகும் மரமே அதைச் செய்யவும் எரிந்துகொண்டிருக்கிறது.

அப்போது ஓர் இளைஞர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "நல்ல அருவாளா ஒண்ணு வேணும்யா."

பெரியவர் தலை நிமிரவில்லை. "என்னத்த வெட்டப் போற?"

"தோப்புல கருவேல முள்ளுங்க."

"அப்படிச் சொல்லு" என்று சொல்லித்தான் அவர் எழுந்து சாத்தி வைத்திருந்த வரிசைப் பக்கம் போனார். அன்று மதியத்துக்குள் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரிடமும் அவர் இதையே கேட்டார். விலை, எடை, நீளம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் கொடுத்த முள்வெட்டி அரிவாளுக்கு எடை முன்பக்கம் குவிந்திருந்தது. மூக்கு நன்றாக வளைந்திருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"மூக்கு அழகுக்குன்னு நெனைப்பாக, தம்பி. முள்ளுக்குள்ள கைய விட முடியுமா? வெட்டுன கிளைய இந்த மூக்கால கொக்கி போட்டு இழுக்கணும். அதுக்குத்தான் வளைக்கிறது."

அதன் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கதிரரிவாள் பிறைபோல மெலிந்தது. அதன் வாயில் உளியால் சாய்வாகப் பொடிப்பொடியாகப் பல் வெட்டியிருக்கிறது. நெல் தாள் வழுக்கும். ஒரு பிடி தாளை வளைத்து இழுக்கும்போது பல் அதைக் கவ்விக்கொள்ளும். வாள்போல ஓங்கி வீச அதில் வேலையே இல்லை. இளநீர் அரிவாள் பட்டையாக இருக்கும். அதன் எடையே பாதி வெட்டை முடித்துவிடும். பனையேறியின் பாளை அரிவாளோ இதற்கெல்லாம் எதிர்ப்பக்கம். காலையும் மாலையும் பாளையின் நுனியைத் தோல் உரிப்பதுபோல மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் ஊறும். கூடுதலாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆகவே வாய் சவரக்கத்தி மாதிரி மெலிந்திருக்க வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கருவேலத்தில் போட்டால் வாய் பொரிந்துவிடும். முள்வெட்டியைக் கொண்டு பாளை சீவினால் பாளை நைந்துவிடும். இரண்டும் நல்ல அரிவாள்தான். இடம் மாறினால் இரண்டும் கெட்டது.

வடிவத்துக்கு அடுத்தது பதம். இதைப் பார்க்க என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். அடித்து முடித்து அரம் போட்ட அரிவாளை உலையில் வாய்ப்பக்கமாகப் படுக்க வைத்தார். செங்காந்தள் இதழின் சிவப்பு ஏறியதும் எடுத்து, வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்தார். சர்ரென்று ஒரு சத்தம். உடனே வெளியே எடுத்துக் கல்லால் ஒரு தேய்ப்புத் தேய்க்க, வாயோரம் வெள்ளியாகப் பளிச்சிட்டது.

"இப்பப் பாருங்க. கண்ண எடுக்காதீக."

முதுகில் மிச்சமிருந்த சூடு மெதுவாக வாயை நோக்கி நடந்து வந்தது. வெள்ளிப் பரப்பில் முதலில் வைக்கோல் நிறம் படர்ந்தது. அதை அடுத்துப் பழுப்பு, பழுப்பின் பின்னால் கத்திரிப்பூ ஊதா. ஊதா வாயைத் தொடும் முன்பே முழு அரிவாளையும் தண்ணீருக்குள் விட்டார். முதலில் தோய்த்ததிலேயே நிறுத்தியிருந்தால் வாய் கண்ணாடிபோல இறுகி, முதல் கட்டையிலேயே தெறித்திருக்கும். நீலம் ஏறும்வரை விட்டிருந்தால் வில்லுக்குரிய இழுவை வரும், கூர் நிற்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் சில நொடிகள்தான் கிடைக்கின்றன. பட்டறையில் இதைத் துவைச்சல் என்கிறார்கள். அரிவாளின் அழகில் கண்ணுக்குத் தெரியாத பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

அழகுக்காகவே செய்யும் அரிவாளும் அங்கே இருந்தது. மூலையில் ஆளுயரத்தில் ஒன்று சாய்ந்திருந்தது. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கும், ஊர்தோறும் இருக்கும் கருப்பர், முனியாண்டி சாமிகளுக்கும் இப்படி அரிவாள் செய்து கொண்டுபோய்ச் சாத்துகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர் கும்பிடும்படி அதன் வளைவை அகலமாக எடுத்திருந்தார். மெருகும் கூடுதல். வாயைத் தொட்டுப் பார்த்தேன். கூர் வைக்கவில்லை.

"சாமிக்கு எதுக்குக் கூரு? பாக்குற கண்ணுக்குத்தான் அது. ஒருத்தரு வேண்டிக்கிட்டது நெறவேறிருக்கு. அதுக்குத் தக்கன இருக்கணும்ல." சம்மட்டி அடிக்கும் அம்மா சொன்னார். இந்த அரிவாளும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பிறந்திருக்கிறது. எதையும் வெட்டப் போவதில்லை என்பது அதன் பதில்.

வேலைக்கு, அழகுக்கு என்ற இரண்டும் கலக்கும்போதுதான் சங்கடம். கூர் வேண்டும், வேலையோ இல்லை, கையில் வைத்திருந்தால் எடுப்பாக இருக்க வேண்டும் என்று வருகிறவர்கள் உண்டு. 2005-இல் 'திருப்பாச்சி' படம் வந்த பிறகு ஊர்ப்பெயர் இன்னும் தூரம் போனது. வெட்டுக்குத்துச் செய்தி வரும்போதெல்லாம் பழி பட்டறை வாசலுக்கே வந்து நிற்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்த கருவிகளை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அரிவாள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதைத்தான் சட்டமும் பார்க்கிறது. 2021 செப்டம்பரில் தென்மாவட்டக் கொலைகளை அடுத்து, அரிவாள் வாங்குகிறவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளும்படி காவல்துறை பட்டறைகளுக்குச் சொன்னது.

"எழுதி வைக்கிறது நல்லதுதான்" என்றார் பெரியவர். "ஆனா எங்கப்பா காலத்துலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். என்னத்த வெட்டப் போறன்னு கேட்டா, வேலைக்கு வாங்குறவன் டக்குன்னு சொல்லிருவான். மத்தவன் முழிப்பான். முழிச்சா நான் குடுக்குறதில்ல."

அந்தக் கேள்வியில் தொழிலறிவும் இருக்கிறது, தொழில் தர்மமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

பிறகு என் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். மடக்கி விரித்துப் பார்த்தார். தயக்கத்தோடு, "சின்னக் கத்தி, உங்க வேலைக்கு ஆகாதுதான்" என்றேன். "எல்லாம் இரும்புதானே" என்றார். பையில் மடக்கி வைக்கும் கத்தி நம் ஊருக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடிக் காலத்தில் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலையைச் சீவ ஒரு சிறுகத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். மேற்கே இறகுப் பேனா சீவ வைத்திருந்த கத்தி, நம் பேச்சில் இன்றும் பேனாக்கத்தி. இரண்டிலும் பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது.

"என்னத்த வெட்டுறீக இதால?"

யோசித்தேன். பழம், சணல், பார்சல் அட்டை, எப்போதாவது பென்சில். குத்துகிற வேலை ஒன்றுமில்லை என்பது வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"அப்ப இவ்வளவு ஒல்லி மூக்கு எதுக்கு? குத்துறதுக்குத்தான் அப்படி இழைக்கணும். நெம்புனா போயிரும். வாயில கை வைக்க வேணாம், அது நல்லா இருக்கு. முதுக எறக்கிருவோம்."

சாணைக் கல்லில் முதுகை வைத்தார். நாலைந்து நொடிக்கு ஒருமுறை கத்தி தண்ணீருக்குள் போய் வந்தது. சூடு ஏறினால் பதம் இறங்கிவிடும். முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து இறங்கி, ஒடிந்த இடத்தில் வாயைச் சந்தித்தது. வாயில் ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. துணியில் துடைத்துப் பட்டடைக்கல்மேல் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பது நம் வழக்கம். நான் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அம்மா உள்ளேயிருந்து இரண்டு கொய்யாப்பழம் கொண்டுவந்தார். பலகையில் வைத்து அழுத்தினேன். வாய் அடியிலிருந்து நுனிவரை ஒரே சமயத்தில் பலகையைத் தொட்டது. பழம் ஒட்டிக்கொண்டு நிற்காமல் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. ஒரு பாதியை அவருக்கும் ஒரு பாதியை அம்மாவுக்கும் கொடுத்துவிட்டு, கத்தியைத் திருப்பிப் பார்த்தேன். நேரான வாய், இறங்கிய முதுகு, மொட்டை மூக்கு. அன்று கடையில் மந்தம் என்று நான் விட்டுவந்த அதே வடிவம்.