பகிடி என்னும் பெயரில்

பள்ளிப் பருவத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் "அஃது ஒரு பொற்காலம்" என்று பெருமூச்சு விடுவோரே உலகத்திற் பெரும்பாலோர். அவர்கள் கூற்றை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயினும், அதே பொற்காலத்தில், நாள்தோறும் காலையில் வயிற்றுவலி என்று சொல்லிப் பாயை விட்டெழ மறுத்த பிள்ளையும் ஒருவன் இருந்தான். இடைவேளை மணி அடித்தவுடன் மற்றவர்கள் மைதானத்தை நோக்கி ஓடுவார்கள். அவன் மட்டும் ஆசிரியர் ஓய்வறையின் வாசலருகே வந்து நிற்பான். பாடத்திற் சந்தேகம் கேட்க வந்தவன் என்று எண்ணிவிடுதல் எளிது. அங்கே நின்றால் தன்னை எவரும் அடிக்கமாட்டார்கள் என்பதற்காகவே அவன் வந்து நிற்கின்றான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்று பழகிய எமக்கு, இத்தகைய பிள்ளைகள் பலரைத் தெரியும். பெயர்கள் மாறும், அவர்கள் வந்து நிற்கும் இடம் மாறுவதில்லை.

இவர்கள் படும் துன்பத்திற்கு நம்மவர் வழங்கும் பெயர்களைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'பகிடி' என்போம், 'குழப்படி' என்போம், 'பெடியன்களின் சேட்டை' என்போம். ஒருவனுடைய நிறத்தையும், திக்குவாயையும், தகப்பன் செய்யும் தொழிலையும், குடும்பத்தின் வறுமையையும் வைத்துச் சூட்டப்படுவதைப் 'பட்டப்பெயர்' என்போம். ஏதோ பல்கலைக்கழகம் மேடையில் வைத்து வழங்கிய பட்டம்போல! இச்சொற்கள் யாவும் செய்பவனுடைய பக்கத்தில் நின்று பார்ப்பவை. படுபவனுடைய பக்கத்தில் நின்று பார்க்கும் சொல் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. 'பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது' என்ற நம் முன்னோர் இரு பக்கத்தையும் அறிந்திருந்தனர். நாமோ, பூனையின் வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறிப் பழகிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எமக்கு மாமன் முறையான பெரியவர் ஒருவர், எட்டாம் வகுப்பிற் பயின்ற தம் பேரனுடைய கொப்பிகளை ஒரு பையில் இட்டு எம்மிடம் கொண்டுவந்தார். பல கொப்பிகள் குறுக்கே கிழிக்கப்பட்டிருந்தன. ஒன்றின் அட்டையிற் பேரனின் பெயர் அடிக்கப்பட்டு, வேறொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. அதனை இங்கு எழுத எமக்கு மனமில்லை. பாடசாலையில் முறையிட்டபோது, "ஆம்பிளைப் பிள்ளை எண்டால் இதெல்லாம் தாங்கத்தான் வேணும்" என்னும் விடையே அவருக்குக் கிடைத்ததாம். "தம்பி, நீர் படிப்பிக்கிறவர். இதுக்கெண்டு ஒரு சட்டம் கிட்டம் இல்லையோ?" என்று அவர் எம்மைக் கேட்டார். அடுத்த தவணையிற் சிறுவன் வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டான். விடுகைப் பத்திரத்திலே காரணம் 'பெற்றோரின் விருப்பம்' என்று எழுதப்பட்டது. அவனை வதைத்தவர்கள் அதே வகுப்பில், அதே வாங்கில் இருந்தார்கள். பாடசாலையின் நற்பெயருக்கு எவ்விதக் குறையும் நேரவில்லை.

அப்பெரியவரின் வினாவே இவ்விடயத்தைத் தேடிப் படிக்குமாறு எம்மைத் தூண்டியது.

நமது நாட்டிற் சட்டம் இல்லாமல் இல்லை. 1997ஆம் ஆண்டிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்கு ஆளாகி உயிரிழந்தார். அதற்கடுத்த ஆண்டில், கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் பிற வன்செயல்களையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதை புரிந்தவருக்கு இரண்டு ஆண்டு வரையும், கடுங்காயம் விளைத்தவருக்குப் பத்து ஆண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க அது இடந்தருகின்றது. வேண்டிய சட்டமே. எனினும், தண்டிக்கும் சட்டம் தீமை நடந்து முடிந்த பின்னரே வாயிலுக்கு வரும். அன்றியும், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையைச் சிறைக் கம்பிகளைக் காட்டித் திருத்த நம்முள் எவரும் விரும்பார்.

உலகிலே வேறொரு வகைச் சட்டமும் உண்டு. அது பிள்ளையை நோக்கிப் பேசுவதிலும் பார்க்கப் பாடசாலையை நோக்கியே மிகுதியாகப் பேசுகின்றது. 'தடுப்பதற்கு நீ என்ன செய்தாய்? அறிந்தவுடன் என்ன செய்தாய்?' என்று அது வினவுகின்றது. நோர்வே நாட்டிலே 1982ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் சிறுவர் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். சக மாணவர் இழைத்த கொடுமையே காரணமெனக் கருதப்பட்டமையால், மறு ஆண்டிலே நாடு முழுவதும் பாடசாலை இயக்கம் ஒன்று தொடங்கிற்று. டான் ஒல்வேயுஸ் என்னும் உளவியலறிஞரின் ஆய்வுகள் அதற்கு வழிகாட்டின. அக்காலத்தில் முளைத்த எண்ணம் பின்னர்ப் பல நாடுகளிற் சட்டமாக உருப்பெற்றது. மாணவரிடையே நிகழும் கொடுமையைத் தடுக்க வழிவகைகளை வகுத்தல் தலைமையாசிரியரின் கடமை என்று இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பிலிப்பைன்ஸ் 2013இற் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களும் 2015ஆம் ஆண்டளவில் ஏதேனும் ஒரு சட்டத்தைப் பெற்றுவிட்டன.

இவை அனைத்துள்ளும் யப்பானின் வரலாறே எம் நெஞ்சை மிகுதியாக வருத்திற்று. அங்கே ஆசிரியரும் ஒரு பாத்திரமாக வருகின்றமையே காரணம். 'இஜிமே' என்பது இக்கொடுமைக்கு யப்பானியர் வழங்கும் சொல். தோக்கியோ நகரில் 1985ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு வகுப்பு மாணவர்கள் தம் தோழன் ஒருவன் இறந்துவிட்டதாகப் பாவனை செய்து அவனுக்கு 'ஈமச்சடங்கு' நடத்தினர். அவனுடைய மேசைமீது பூவும் ஊதுவத்தியும் வைத்தனர். அட்டை ஒன்றில் இரங்கற் சொற்களை எழுதி யாவரும் கையொப்பமிட்டனர். அந்த அட்டையில் ஆசிரியர் நால்வரின் கையெழுத்தும் இருந்தது. அவர்கள் அதனை ஒரு வேடிக்கையென்று எண்ணினர். பள்ளிக்கு வந்து தன் மேசையைக் கண்ட சிறுவனுக்கு அஃது எவ்வாறு தோன்றியிருக்கும்? 1986ஆம் ஆண்டு பெப்ரவரியில், பதின்மூன்றாவது வயதில், அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

நாடு கலங்கிற்று; ஆயினும் தனிச் சட்டம் பிறக்கவில்லை. கால் நூற்றாண்டின் பின், 2011 ஒக்ரோபரில், பிவா ஏரிக்கரையிலுள்ள ஓட்சு நகரிற் பதின்மூன்று வயது மாணவன் மற்றொருவன் அவ்வாறே இறந்தான். பாடசாலை ஏனைய மாணவரிடம் வினாக்கொத்தைக் கொடுத்து விசாரித்தது. பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிக் கொடுத்தனர். ஆனால், அக்கொடுமைக்கும் அவன் இறப்புக்கும் தொடர்பிருப்பதாகக் கூறமுடியாது என்று நகரக் கல்விச் சபை சொல்லிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் முயற்சி அது. பிள்ளைகள் எழுதியவை 2012 யூலையில் வெளிவந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். பாடசாலையிலும் கல்விச் சபையிலும் பொலிசார் சோதனையிட்டனர். சார்பற்ற குழுவொன்று ஆராய்ந்து, கொடுமையே இறப்புக்கு நேர்க் காரணம் என்று 2013 சனவரியில் அறிக்கை தந்தது. அவ்வாண்டு யூனிற் பாராளுமன்றம் 'இஜிமே' தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. செப்தெம்பர் 28ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் கொடுமைக்குக் கூறும் இலக்கணத்தை நம் வாசகர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஒரு பிள்ளையோடு தொடர்புடைய மற்றொரு பிள்ளை செய்யும் செயலால், அதற்கு ஆளானவன் உடலாலோ உள்ளத்தாலோ வேதனையுற்றால், அதுவே 'இஜிமே'. இணையத்தின் வழியாகச் செய்தாலும் அவ்வாறே. செய்தவன் என்ன நினைத்தான் என்பது இவ்விலக்கணத்தில் இடம்பெறவில்லை. 'பகிடிக்குச் செய்தேன்' என்பவனுடைய சொல் வரைவிலக்கணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, பட்டவனுடைய வேதனை அவ்விடத்தில் வைக்கப்பட்டது. சட்டம் முழுவதிலும் இதனையே நாம் தலையாயதாகக் கருதுகின்றோம்.

மற்றைய விதிகளும் நடைமுறைக்கு உகந்தவை. ஒவ்வொரு பாடசாலையும் தனக்கென ஒரு தடுப்புக் கொள்கையை எழுதி வைத்தல் வேண்டும். ஆசிரியர் பலரும், உளவியல், சமூகநலம் முதலிய துறைகளை அறிந்தோரும் சேர்ந்த நிலையான குழுவொன்று இருத்தல் வேண்டும். ஒரேயோர் ஆசிரியர் தம் மேசை இழுப்பறையுள் முறைப்பாட்டைப் பூட்டிவைக்க இடமில்லை. செய்தி கிடைத்தவுடன் உண்மையை விசாரித்து மேலிடத்துக்கு அறிவித்தல் வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு நேர்ந்ததென்ற ஐயம் எழுந்தால், அல்லது பிள்ளை நெடுநாட் பள்ளிக்கு வராதிருந்தால், தனி விசாரணை நடத்திப் பெற்றோருக்கு உண்மையைச் சொல்லல் வேண்டும். வதைத்த பிள்ளைக்கு நல்வழி காட்டுவதும் அவன் பெற்றோருக்கு ஆலோசனை கூறுவதும் பாடசாலையின் கடமைகளே. தேவையேற்படின், வதைத்தவனை வேறோர் அறையில் இருத்திப் படிப்பிக்கலாம். இவ்விதியைப் படித்தபோது எமக்கு அந்த விடுகைப் பத்திரம் நினைவுக்கு வந்தது. வகுப்பை விட்டு வெளியேற வேண்டியவன் யார் என்பதில் யப்பானியச் சட்டத்திற்கு ஐயமில்லை.

சட்டம் வந்தபின் கொடுமை குறைந்ததா என்று கேட்பீர்கள். 2011ஆம் நிதியாண்டில் யப்பானியப் பாடசாலைகள் அறிவித்த சம்பவங்கள் ஏறத்தாழ 70,000. ஓட்சு விவகாரம் வெளிவந்த 2012இல் அவை ஏறத்தாழ 198,000 ஆயின. 2023ஆம் நிதியாண்டில் 732,000ஐயும் கடந்தன. ஓர் ஆண்டினுள் யப்பானியப் பிள்ளைகள் ஏறத்தாழ மும்மடங்கு கொடியவர்களாக மாறிவிட்டார்கள் என்று நாம் நம்பவேண்டியதில்லை. பார்க்கும் கண் திறந்தது; இலக்கணம் விரிந்தது; முன்பு பதிவேற்றாதவை பதிவேறின. இதனை உணர்ந்தே அந்நாட்டுக் கல்வியமைச்சு, 'எம்மிடம் ஒன்றும் நிகழவில்லை' என்று சுழியம் காட்டும் பாடசாலைகளை, அதனைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வெளிப்படுத்தி மீண்டும் சரிபார்க்குமாறு பணித்தது. நம் நாட்டில் எத்தனை பாடசாலைகள் சுழியத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன!

அச்சட்டமே முழுமருந்து என்றும் நாம் கூறமாட்டோம். ஒக்கைடோவின் அசாகிகாவா நகரில், 2021ஆம் ஆண்டில், பதினான்கு வயது மாணவி ஒருத்தி பனியிலே இறந்து கிடந்தாள். அவளுக்கு நேர்ந்தவை 2019ஆம் ஆண்டிலேயே பாடசாலைக்குத் தெரிந்திருந்தும், அவை 'இஜிமே' எனக் கொள்ளப்படவில்லை. அவை கொடுமையே என்று 2022இல் விசாரணைக் குழு கூறியபோது அவள் உயிரோடில்லை. சட்டம் நடைமுறையில் இருந்தது. அதனைக் கையிலெடுப்பார் அங்கே இருக்கவில்லை.

நம் சக ஆசிரியர்கள் இரண்டு தடைகளைக் கூறுவர். 'நிரப்புகின்ற பதிவேடுகள் போதாவோ, இன்னுமொன்றா?' என்பது முதலாவது. இது நியாயமான கேள்வியே. ஐம்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்திருக்கும் ஆசிரியரிடம் உளவியலறிஞரின் வேலையையும் சுமத்திவிட்டு அரசு கைகழுவலாகாது. கடமையை விதிக்கும் சட்டம் ஆளையும் தரவேண்டும். 'நாமும் அடிபட்டு, கேலிபட்டு வளர்ந்தவர்கள்தாமே?' என்பது இரண்டாவது. மெய்தான், ஆனால் அவ்வாறு சொல்ல வந்திருப்பவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள். படிப்பை இடையில் விட்டுப் போனவர்கள் ஆசிரியர் ஓய்வறையில் இருந்து பேசுவதில்லை.

சட்டம் வருமட்டும் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பட்டப்பெயர் சொல்லி ஒருவன் அழைக்க வகுப்புச் சிரிக்கும்போது, ஆசிரியர் சிரிக்கிறாரா என்பதையே நாற்பது கண்கள் முதலிற் பார்க்கின்றன. அவர் சிரித்தால் அப்பெயருக்கு முத்திரை குத்தியாயிற்று. பெற்றோர், பிள்ளையின் புள்ளிகளைக் கேட்பதற்கு முன்பு, 'இடைவேளையில் யாரோடு இருந்தாய்?' என்று கேட்டுப் பழகலாம். தம் பிள்ளை பிறரை வதைப்பதாகச் செய்தி வந்தால், சண்டைக்கு எழுவதற்கு முன் அதனை ஒருமுறை உண்மையென்று எண்ணிப் பார்க்கலாம்.

மாணவ மாணவியருக்கும் ஒன்று சொல்வோம். பிறன் கெடவேண்டும் என்று சொல்வது கோள். ஒருவன் கெடாதிருக்கவேண்டும் என்று சொல்வது முறையீடு. இரண்டையும் ஒன்றென்று உங்களுக்குச் சொல்பவன் பெரும்பாலும் வதைப்பவனே. உங்களுக்கோ உங்கள் தோழருக்கோ துன்பம் நேர்ந்தால், நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் கேளாவிடின் இன்னொருவரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு.

சட்டம் எவருக்கும் அன்பைக் கற்பிக்கமாட்டாது. ஆயினும், அன்பில்லாதவரும் தம் கடமையிலிருந்து வழுவாதபடி அதனால் நிறுத்த முடியும். பிள்ளையின் வேதனையைக் கொண்டு அளக்கும் சட்டமொன்று நம் பாடசாலைகளுக்கும் வாய்த்தால், 'பகிடி' என்னும் சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பிச் செல்லும்: இருவரும் சேர்ந்து சிரிப்பது.