சட்டியின் அடியைப் பார்க்கிறவர்

மதுரை பழங்காநத்தம் சுற்றுவட்டாரத்தில் கேஸ் ஸ்டவ் ரிப்பேர் செய்யும் அவர், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அடுப்பைப் பார்ப்பதில்லை. “பால் காய்ச்சுற சட்டியக் கொண்டாங்கம்மா” என்கிறார். வாங்கிக் கவிழ்த்து, அடியில் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. விரலில் கரி ஒட்டினால் கோளாறு பெரும்பாலும் காற்றில். கரி இல்லை, தீ மட்டும் சிறுத்துவிட்டது என்றால் ஜெட் அடைத்திருக்கும். தீக்குச்சி கிழிப்பதற்கு முன்பே பாதி விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிடுகிறது.

டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி, பின்னால் மரப்பெட்டி, முன்னால் சின்ன ஸ்பீக்கர். “குக்கர், மிக்ஸி, கேஸ் ஸ்டவ் ரிப்பேர்” என்று ஓயாமல் கூவும் குரல் அவருடையது இல்லை. யாருடையது என்று அவருக்கும் தெரியாது. மெமரி கார்டோடு கடையில் கிடைத்ததாம்.

நான் அவரோடு சுற்றிய நாளில், முதல் வீட்டில் பெரிய பர்னர் மஞ்சளாக எரிந்தது. அந்த அம்மா பர்னரை ஈனோவிலும் எலுமிச்சையிலும் ஊறவைத்துப் பித்தளையைப் பொன்னாக்கி வைத்திருந்தார். இவர் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுப்பைக் கவிழ்த்தார். கேஸும் காற்றும் கலக்கும் மிக்சிங் டியூப்பின் வாயில் சிலந்தி வலை. அதில் காய்ந்த தோசை மாவும் ஒரு கரப்பான் இறக்கையும் சிக்கியிருந்தன. கம்பி பிரஷை உள்ளே விட்டு இழுத்து, டியூப்பைத் தரையில் தட்டினார். மாட்டிப் பற்றவைத்ததும் மஞ்சள் போய், துளைக்குத் துளை கூரான நீல முனைகள் எழுந்தன. “பளபளப்புல என்னம்மா இருக்கு? காத்து போற வழியில்ல அடைச்சுக் கெடக்கு.”

அவருடைய தொழில் முழுவதுமே இந்தக் காற்றுதான். ரெகுலேட்டரைத் தாண்டி அடுப்புக்கு வரும் கேஸின் அழுத்தம் மிகக் குறைவு. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள தண்ணீர் கீழே அழுத்துகிற அளவு. ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அந்தத் துளையிலிருந்து சீறும் கேஸ், டியூப்பின் வாய் வழியாகக் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு பர்னருக்கு ஓடுகிறது. சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் கலவை. ஒரு பங்கு புரோப்பேன் முழுதாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. இதில் ஏறக்குறைய பாதி டியூப்பிலேயே கலந்துவிட வேண்டும், மீதியைத் தீ சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். டியூப்பில் குறைந்தால் கேஸில் உள்ள கார்பன் எரிந்து முடியாமல் துகளாகக் கனல்கிறது. மஞ்சள் நிறமும் சட்டிக் கரியும் அதுதான்.

எல்லா மஞ்சளுக்கும் அவர் ஸ்பேனரை எடுப்பதில்லை. சோற்றுக் கஞ்சியோ ரசமோ பொங்கி வழிந்த அடுப்பில் ஆரஞ்சுப் பொறிகள் தெறிக்கும். அது உப்பு செய்யும் வேலை, சட்டியில் கரி ஏறாது. துடைத்துவிடச் சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் கிளம்புகிறார். சிலிண்டர் தீரப்போகும்போது தீ சிவக்கும் என்று பெண்கள் சொல்வதையும் அவர் மறுப்பதில்லை. அதில் நியாயம் உண்டு. புரோப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகிவிட, அதிகக் காற்று கேட்கும் பியூட்டேன் கடைசியில் தங்குகிறது.

இன்னொரு வீட்டில் சிம்மில் வைத்தால் அடுப்பு அணைந்தது. நாப் திருகவே வரவில்லை. ரெகுலேட்டரை மூடச் சொல்லி, ஜன்னலைத் திறக்கச் சொல்லி, வால்வின் இரண்டு ஸ்குரூக்களைக் கழற்றினார். உள்ளே இருந்த கூம்பு வடிவப் பித்தளைத் துண்டில் கிரீஸ் காய்ந்து கட்டியாகியிருந்தது. துணியால் துடைத்து, விரல் நுனியில் புதுக் கிரீஸ் தொட்டுத் தடவினார். பக்கவாட்டிலுள்ள சின்னத் துளையில் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்வதில்தான் கைநேர்த்தி. அந்தத் துளைதான் சிம். பிறகு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். குனிந்து தரையோரம் மோந்தும் பார்த்தார். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். அந்த நாற்றம்கூட நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்று சேர்க்கப்படுகிற எத்தில் மெர்காப்டனுடையது.

தெருமுனை வீட்டுப் பாட்டி கேட்டதற்குத்தான் அவர் கோபப்பட்டார். “தம்பி, அந்த ஜெட்டு ஓட்டையக் கொஞ்சம் பெருசு பண்ணி விடுப்பா, தீ நல்லா வரட்டும்.”

“அது மட்டும் முடியாது ஆத்தா.”

பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். வீடுகளில் கழற்றிய பழைய ஜெட்டுகள். பலவற்றில் துளை வட்டமாகவே இல்லை. அவருடைய அப்பா பம்ப் ஸ்டவ் ரிப்பேர் பார்த்தவர். மண்ணெண்ணெய்க் கரி அதன் துளையை அடைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், தகரத் தகட்டில் மெல்லிய கம்பி வைத்த ஸ்டவ் பின் அன்று எல்லா வீட்டிலும் இருந்தது. 2007-ல் அரசின் இலவச கேஸ் அடுப்புகள் தெருவுக்கு வந்தபோது பம்ப் ஸ்டவ் பரணுக்குப் போயிற்று. குத்துகிற பழக்கம் மட்டும் கையில் தங்கிவிட்டது. இன்று ஊக்கு, தையல் ஊசி, எதுவானாலும் சரி. பித்தளை மென்மையான உலோகம், குத்தக் குத்த விரியும். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் கேஸ் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. டியூப்பின் வாயோ அதே அளவுதான், காற்று ஈடுகொடுக்க முடியாது. பார்வைக்குப் பெரிய தீ. சட்டியில் கரி, சிலிண்டர் சீக்கிரம் காலி.

இதைத் தெரிந்தே செய்துகொடுக்கும் ஆட்களும் இந்தத் தொழிலில் உண்டு. வீட்டுக்காரர் அன்றே மகிழ்ந்து காசு கொடுப்பார், சிலிண்டர் தீரும்போது மெக்கானிக் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இவர் பாட்டிக்குப் புது ஜெட் மாட்டினார். தீ முன்பைவிடச் சின்னதாகத் தெரிந்தது. பாட்டிக்குத் திருப்தியில்லை, பேசிய காசில் ஐம்பது ரூபாயைக் குறைத்தார். இவரும் வாங்கிக்கொண்டார். ஒழுங்காகச் செய்த வேலைக்குக் கூலி குறைவதை அன்று அந்த ஒரு வீட்டில்தான் பார்த்தேன், ஆனால் அவருக்கு அது பழகிப்போனதாகவே தெரிந்தது.

கிளம்பும் முன் ஆரஞ்சு நிற ரப்பர் டியூப்பைத் திருப்பி, அதில் அச்சிட்ட வருடத்தைப் பாட்டியின் பேரனை விட்டுப் படிக்கச் சொன்னார். ஐந்து வருடம் தாண்டியிருந்தது. “ஏஜென்சில சொல்லி மாத்திக்கங்க. டியூப்பு, ரெகுலேட்டரு, சிலிண்டரு எல்லாம் அவுங்க கணக்கு, நான் தொட மாட்டேன்.” பேரன் ஏஜென்சியின் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருக்க, இவர் அது கிடைக்கும்வரை வாசலில் நின்றார்.