ரீசெட் போடுவதற்கு முன்

2018-ல் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிய செல்போன் என்னுடையது. 32 ஜி.பி. அப்போது எனக்கு அது பெரிய கொள்ளளவாகத் தெரிந்தது. போன ஆடி மாதம் முழுக்க அது என்னைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. போட்டோ எடுத்தால் இடமில்லை என்றது. வங்கி ஆப் திறக்க ஓ.டி.பி. வரும், அதைப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

படப்பையில் ஒரு கடையில் காட்டினேன். "சார், ஃபேக்டரி ரீசெட் போட்டுடலாம். ஃபேக்டரியிலேருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும். பத்து நிமிஷ வேலை" என்றார் கடைத் தம்பி. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சேரப்பணஞ்சேரிக்காரனுக்கு ஃபேக்டரி என்ற சொல் புதிதல்ல. ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். 2006-ல் நோக்கியா ஆலை திறந்தபோது, உலகம் பேசும் போன் நம் ஊர்ப் பக்கம் தயாராகிறது என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. பிறகு வேறு கம்பெனிகள் வந்தன. இன்று எங்கள் வீட்டு மாடியில் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நால்வருக்கும் செல்போன் கம்பெனியில் ஷிப்டு வேலை. அதில் போளூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னை தாத்தா என்றே கூப்பிடுவாள். அவளிடம் போனைக் கொடுத்தேன்.

"அவசரப்படாதீங்க தாத்தா. மொதல்ல உள்ள என்னா இருக்குன்னு பாக்கலாம். இதுல போட்டிருக்கிற கூகுள் கணக்கு எது? பாஸ்வேர்டு தெரியுமா?"

தெரியாது. போன் வாங்கிய அன்று கடைக்காரரே ஏதோ ஒரு பெயரில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தார். ஆறு வருஷமாக அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவள் விளக்கிய பிறகுதான் ஆபத்து புரிந்தது. போனைத் திருடியவன் பயன்படுத்த முடியாதபடி ஆண்ட்ராய்டில் 2015 முதல் ஒரு பூட்டு இருக்கிறது. பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால், மறுபடி திறக்கும்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். சொல்லத் தெரியாவிட்டால் உரியவனும் திருடனும் அதற்கு ஒன்றுதான். அரை மணி நேரம் போராடி பாஸ்வேர்டை மாற்றினாள். புதியதை என் டைரியில் எழுதிக்கொண்டேன். போனிலேயே சேமித்திருந்த தொலைபேசி எண்களையும் அந்தக் கணக்குக்கு ஏற்றினாள்.

அடுத்து வாட்ஸ்அப். "அதுல ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் குட்மார்னிங் பூப்படம்தான். அழிச்சிடு" என்றேன்.

அவள் விரலால் தள்ளிக்கொண்டே போய், அடியில் ஓரிடத்தில் நின்றாள்.

"இது யாரு தாத்தா? ஏழு வாய்ஸ் மெசேஜ் இருக்கு. ஒண்ணுகூட நீங்க கேக்கலியே. கேட்டிருந்தா இந்த மைக் குறி நீலமாயிருக்கும்."

அது என் தம்பி.

அப்பா விட்டுப்போன நிலம் ரோட்டோரம். ஒரகடத்தில் கார் ஆலைகள் வரத் தொடங்கியதும் அதன் விலை எங்கேயோ போய்விட்டது. தன் பங்கை விற்க வேண்டும் என்றான் தம்பி. அவனுக்குக் கடன் இருந்தது. எனக்கு மாதச் சம்பளம் இருந்தது. அதனால் அப்பாவின் மண்ணைப் பற்றிப் பேச எனக்குச் சுலபமாக இருந்தது. 2019-ல் விற்றான். அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. அவன் அழைத்தால் எடுக்க மாட்டேன். குரல் பதிவு அனுப்பினான். பணம் கேட்பான், இல்லையென்றால் சமாதானம் பேசுவான் என்று நானே முடிவு செய்துகொண்டு திறக்காமல் விட்டேன். 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டான். அதன் பிறகு திறக்கத் தைரியம் வரவில்லை.

அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து ஏழையும் கேட்டேன். எல்லாம் சேர்த்து நான்கு நிமிஷம்கூட வராது. பணம் கேட்கவில்லை. நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றில் ஏரி நிரம்பியதைச் சொன்னான். இன்னொன்றில், "அண்ணா, தோட்டத்து முருங்க காய்ச்சிருக்கு. பத்து காய் குடுத்தனுப்பட்டுமா?" அவ்வளவுதான். ஒரு முருங்கைக்காய்க்கு 'சரி' என்று சொல்ல எனக்கு என்ன கேடு வந்தது?

மறுநாள் அந்தப் பெண் ஏழு பதிவுகளையும் என் மின்னஞ்சலுக்கு அனுப்பி, பென் டிரைவ் ஒன்றிலும் ஏற்றினாள். வாட்ஸ்அப் முழுவதையும் கூகுள் டிரைவில் காப்பெடுத்தாள். சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றினாள். பிறகு செட்டிங்ஸ் வழியாக ரீசெட் போட்டாள். பத்து நிமிஷத்தில் போன் வெறும் சிலேட்டுபோல எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

ஒன்று கவனித்தேன். வாங்கியபோது ஆண்ட்ராய்டு 8. நடுவில் அப்டேட் வந்து 10 ஆனது. ரீசெட்டுக்குப் பிறகும் 10-தான் இருந்தது. "அது எப்படிம்மா, ஃபேக்டரியிலேருந்து வந்த மாதிரி ஆகும்னாங்களே?" என்று கேட்டேன்.

"கம்பெனி மாத்தினது மாறாது தாத்தா. நீங்க வச்சது மட்டும்தான் போவும்" என்றாள்.

அது மீட்க முடியாதபடி போகுமாம். இப்போதைய போன்கள் நம் படத்தையும் பேச்சையும் பூட்டிய எழுத்தாகவே சேமிக்கின்றன. ரீசெட் போடும்போது அந்தப் பூட்டின் சாவி அழிகிறது. பழைய போனை விற்பவர்களுக்கு இது நல்ல செய்தி. காப்பெடுக்காமல் கடையில் கொடுத்துவிட்டு வருபவர்களுக்கு அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். சாவுக்குக்கூட ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பியவன் நான். தம்பி மனைவி என்னை உட்காரச் சொன்னாள். போனை மேஜைமேல் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அவனுடைய குரல் அவர்கள் வீட்டில் ஒரு பதிவுகூட இல்லையாம். மகளுடைய போனுக்கு ஏழையும் அனுப்பிவைத்தேன். கிளம்பும்போது அவள் ஒரு பையில் முருங்கைக்காய் போட்டுக் கொடுத்தாள். இந்த முறை வாங்கிக்கொண்டேன்.

நம் வயதுக்காரர்கள் பலர் போன் மக்கர் செய்தால் கடையில் கொடுத்து, "என்னவோ பண்ணுப்பா" என்கிறோம். அப்படிச் செய்யாதீர்கள். கூகுள் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் டைரியில் எழுதுங்கள். எண்களையும் படங்களையும் வேறோரிடத்தில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பின் அடிவரை ஒருமுறை போய்ப் பாருங்கள். கேட்காமல் விட்டது ஏதாவது இருந்தால், கேட்டுவிட்டு ரீசெட் போடுங்கள்.